சுவர் வேண்டுமா? – கடிதமும் பதிலும்

வணக்கம்,

அமெரிக்காவில் வர்ஜீனியாவில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் உள்ள நெடுஞ்சாலையை அகலப்படுத்துகிறார்கள். சத்தத்தைத் தடுக்கும் சுவர் வேண்டுமா என்று கேட்டு வாக்குச்சீட்டு வந்திருக்கிறது. முன்வரிசை வீட்டுக்காரர்கள் சிலர் ‘ஜெயில் மாதிரி ஆகிவிடும்’ என்கிறார்கள். நாங்கள் இரண்டாம் வரிசை, படுக்கையறை மாடியில். சுவர் வந்தால் சத்தம் போய்விடுமா?

கே.

அன்புள்ள கே.,

போகாது, குறையும். எவ்வளவு என்பதில் பாதியை அந்தச் சீட்டே சொல்லிவிட்டது. சுவரால் குறைந்தது 5 டெசிபல் குறையும் என்று கணக்கில் தேறிய வீடுகளைத்தான் கூட்டரசு விதி ‘பயனடைபவை’ என்கிறது. கருத்துக் கேட்பதும் அவற்றில்தான். ஆனால் அது பொதுவாகக் கொல்லைப்புறத்தில், தரையில் நிற்பவரின் காதளவுக்குப் போட்ட கணக்கு. மாடி அறைக்கு அல்ல. சுவர் எழுந்தபின் வரும் ஏமாற்றங்களில் பல இங்கேதான் தொடங்குகின்றன.

மாடி ஜன்னலில் நின்று பாருங்கள். பெரிய லாரியின் புகைபோக்கி சாலையிலிருந்து ஏறக்குறைய மூன்றரை மீட்டர் உயரம். சுவர் வந்தபிறகும் அது தெரியும் என்றால் மாடிக்குப் பெரிய பலன் இல்லை. சுவர் அதை மறைக்கும் உயரத்தை எட்டும்போது சுமார் 5 டெசிபல் குறையும். அதற்குமேல் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒன்றரை டெசிபல் போல. 10 குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தம். 3 குறைந்தால் பலருக்கு உறைக்கவே உறைக்காது. வரைபடத்தில் போட்டிருக்கும் உயரம் சாலை மட்டத்திலிருந்தா, உங்கள் தரையிலிருந்தா என்றும் கேளுங்கள். சாலை மேட்டில் இருந்தால் இரண்டும் ஒன்றல்ல.

நீளமும் முக்கியம். கடைசி வீடு சுவரிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருந்தால், அந்த வீட்டைத் தாண்டி 100 மீட்டராவது சுவர் ஓட வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் முனையைச் சுற்றி வந்துவிடும். கிளைச்சாலைக்கு விட்ட இடைவெளியும், சுவர்ப் பலகைக்கு அடியில் மண் அரித்த சந்தும் அதே வேலையைச் செய்யும்.

‘ஜெயில்’ என்பவர்களை ஒதுக்காதீர்கள். 5 மீட்டர் சுவர் வெயிலையும் காற்றையும் மறிக்கும், அதை அனுபவிக்கப்போவது அவர்கள். ஒளிபுகும் அக்ரிலிக் பலகை வெளிச்சத்தை விடும். ஆனால் அழுக்கேறினால் பார்க்கச் சகிக்காது, பறவைகளும் மோதும். வீட்டுப்பக்க நிறத்தையும் மேற்பரப்பையும் பற்றி இப்போதே பேசுங்கள், கான்கிரீட் வார்த்தபின் பேசிப் பயனில்லை. சாலைக்கு எதிர்ப்பக்கம் வீடுகள் இருந்தால் ஒலியை உறிஞ்சும் பரப்பு தேவை. எதிரொலி கூட்டுவது பெரும்பாலும் ஒன்றிரண்டு டெசிபல்தான், ஆனால் சத்தத்தின் தன்மை மாறிவிட்டதென்று அங்கிருந்து புகார் வரும்.

‘சுவருக்குப் பதில் மரம் நடலாமே’ என்று கூட்டத்தில் யாராவது நிச்சயம் எழுந்து சொல்வார். 10 டெசிபல் குறைக்க 60 மீட்டர் அகலத்துக்கு அடர்ந்த தோப்பு வேண்டும். ஒற்றை வரிசை மரம் சாலையைக் கண்ணுக்குத்தான் மறைக்கும்.

கொல்லையில் உட்கார்ந்து பேச முடியவில்லை என்பது உங்கள் குறையானால் ‘வேண்டும்’ என்று போடுங்கள். தூக்கம்தான் குறை என்றால் படுக்கையறை ஜன்னலின் இடுக்குகளை அடைத்து, இரட்டைக் கண்ணாடி போடுவதைத் தனியாக யோசியுங்கள். எப்படியானாலும் சீட்டைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். பதில் வராத சீட்டை எண்ணும் முறை மாநிலத்துக்கு மாநிலம் வேறு.