அப்பாவின் தொடை இடுக்கில் சிவப்பு: ஆஸ்பத்திரியில் ஒட்டியதா?

வணக்கம் சகோதரி. சுங்கை சிப்புட்டில் அப்பா இரண்டு வாரம் வார்டில் படுத்து வந்த பிறகு தொடை இடுக்கு சிவந்து அரிக்கிறது, அங்கே ஒட்டிக்கொண்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இல்லை. கேண்டிடா பூஞ்சை நம் உடம்பிலேயே இருப்பது. இனிப்புநீர், ஆன்டிபயாடிக், பேம்பர்ஸ் ஈரம் மூன்றும் சேர்ந்தால் பெருகிவிடும். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளுக்கு அடிக்கடி வருவதுதான், உங்கள் கவனிப்பில் குறையில்லை.

ஓரத்தைப் பாருங்கள். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் பருக்கள் சிதறியிருந்தால் அநேகமாகக் கேண்டிடா. ஓரம் வளையமாகத் தடித்து நடுவில் தெளிந்திருந்தால் படர்தாமரை. இரண்டுக்கும் பூஞ்சையை அழிக்கும் குளோட்ரிமசோல் 1% கிரீம், காலை மாலை, மெல்லியதாக, சிவப்பைத் தாண்டி 2 செண்டிமீட்டர் வரை. அரிப்பு சில நாளில் அடங்கும். அங்கேதான் பலர் நிறுத்திவிடுகிறார்கள், திரும்ப வருகிறது. தோல் தெளிந்த பிறகும் 2 வாரம் தடவுங்கள்.

பெத்தாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த கிரீமைத் தயவுசெய்து நீங்களாக வாங்காதீர்கள். சிவப்பு மங்கும், பூஞ்சை பரவும், பிறகு டாக்டருக்கே அடையாளம் தெரியாது. அப்பா ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிட்டால், மைக்கோனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மருந்தும் வேண்டாம், ரத்தக்கசிவு அபாயம்.

குளித்ததும் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கைலியோடு கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். 2 வாரத்தில் குறையாவிட்டால் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) தோலைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள், சர்க்கரை அளவையும். சீழோ காய்ச்சலோ இருந்தால் அன்றே போங்கள்.