குளிரூட்டி பூட்ட முன் கடன் கொப்பியைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் பலசரக்குக் கடை அப்பா காலத்தது. சனம் இப்போது நகரத்துச் சுப்பர்மார்க்கெற்றுக்குப் போகிறது. இளம் பிள்ளைகள் ஃபோனிலேயே ஓடர் போடுகிறார்கள். கடன் எடுத்துக் கடையைக் கண்ணாடியும் குளிரூட்டியுமாக மாற்றலாமா?
– வாசகர், கோண்டாவில்

பதில்: இப்போதைக்கு அந்தக் கடனை எடுக்காதீர்கள். உங்கள் முதல் எங்கே முடங்கிக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள்.

ஆயிரம் ரூபாவுக்கு அரிசி வாங்கி, நூற்றுக்கு 5 ரூபா இலாபத்தில் கிழமைக்குக் கிழமை விற்று முடித்தால், அதே முதல் 8 கிழமையில் 400 ரூபா உழைக்கும். நூற்றுக்கு 10 ரூபா தருகிற சம்பூ 8 கிழமை தட்டில் இருந்தால் 100 ரூபாதான். இலாபம் கூட என்று கொம்பனி ஆள் சொல்வதைக் கேட்டுப் பெட்டி பெட்டியாக இறக்காதீர்கள். இரண்டு மாதம் அசையாத சாமானை, காலாவதியாக முன் வாங்கின விலைக்காவது விற்றுவிடுங்கள்.

பக்கற் சாமானில் விலைப்போட்டி வேண்டாம். மொட்டைக்கருப்பன் அரிசி, ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கு மா), பனங்கட்டி, வறுத்து அரைத்த மிளகாய்த்தூள் ஆகியவற்றில்தான் உங்கள் பலம் இருக்கிறது. இவற்றை 50 கிராம், 100 கிராம் என்று கேட்ட அளவில் நிறுத்துக் கொடுக்கலாம். மில்லிலிருந்து சூடாக வரும் தூளை உடனே பையில் அடைத்தால் உள்ளே ஆவி வியர்த்து, கட்டிபட்டு, பூஞ்சணம் பிடிக்கும். அகன்ற தட்டில் பரப்பி, நன்றாக ஆறவிட்டு, அரித்த பிறகே அடையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒடியல் மா ஈரம் இழுக்கும். அந்த மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இறுக மூடும் தகரத்தில் வையுங்கள்.

கடன் கொப்பிதான் பெரிய ஓட்டை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உச்ச வரம்பு போடுங்கள். பழைய பாக்கியில் ஒரு பகுதி வந்தால்தான் புதுச் சாமான் என்பதை முகம் முறியாமல் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்க, தனியே வாழும் அம்மா, அப்பாமார் உங்கள் ஒழுங்கையிலும் இருப்பார்கள். பிள்ளையிடம் மாதத் தொடக்கத்தில் முற்பணம் வாங்கி, ஒவ்வொரு பில்லையும் படமெடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். காலை 10 மணி வரை ஓடர் எடுத்து, மதியச் சமையலுக்கு முன் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த வயதானவர்களுக்கு இது பெரிய உதவி. உங்களுக்கோ கடன் இல்லாத வியாபாரம்.

கேள்வி: வாங்குபவர் ஃபோனால் ஸ்கான் செய்து பணம் கட்டும் லங்கா கியூஆர் அட்டையைக் கடையில் வைத்தால் ஏமாற்ற வழி உண்டா?

பதில்: உண்டு. வாங்குபவர் தன் ஃபோனில் காட்டும் "பணம் சென்றது" படத்தை நம்பாதீர்கள். அது பழைய படமாகவும் இருக்கலாம். வங்கியிலிருந்து உங்கள் ஃபோனுக்கு அறிவித்தல் வந்த பிறகே சாமானைக் கொடுங்கள். அச்சடித்த அட்டையில் தொகையை வாங்குபவர்தான் தட்டுகிறார். 1,500 என்பது 150 ஆகிவிடும். தொகையை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அட்டைக்கு மேல் வேறு யாரும் தங்கள் கியூஆரை ஒட்டியிருக்கிறார்களா என்று தினமும் கடை திறக்கும்போதே பாருங்கள்.