திறப்பு யாரிடம்?

ரீச்சரிடம் கேளுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ரீச்சர், என் அக்கா நியூ ஜேர்சியில் இருக்கிறார். அவருடைய எட்டு வயது மகன் கோடை விடுமுறையில் கவுண்டிப் பூங்கா நடத்தும் முகாமுக்குப் போகிறான். காலையில் நீச்சல், பிறகு வில்வித்தை, மத்தியானம் குளத்தில் தவளை பார்ப்பது என்று வீடியோவில் காட்டுகிறான். அதைப் பார்த்த என் மகன், ஓகஸ்ட் விடுமுறையில் தனக்கு ரியூசன் மட்டும்தானா என்று கேட்கிறான். இங்கே அப்படி ஒன்றை நடத்த முடியாதா? எங்கள் ஊரில் ஒரு வசதியும் இல்லையே.
வாசகி, கோப்பாய்

பதில்: தங்கச்சி, வசதி இல்லை என்ற கதையை முதலில் விடுங்கள். சனசமூக நிலையம் இல்லாத குறிச்சியை எங்கள் பக்கத்தில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒரு வாசிகசாலை, பக்கத்தில் வெறும் வளவு, ஓரத்தில் ஒரு வேம்பு. இதற்கு மேல் தேவைப்படுவது ஓர் ஆள்.

அந்த நாட்டுக் கதையையும் கொஞ்சம் கேளுங்கள். கவுண்டி என்பது அங்கே மாநிலத்துக்கு அடுத்த நிர்வாகப் பிரிவு. உங்கள் அக்கா இருக்கும் அதே நியூ ஜேர்சியின் எசெக்ஸ் கவுண்டிதான் 1895 இல் பூங்காக்களுக்கென்று தனி ஆணைக்குழு அமைத்து இந்தக் கவுண்டிப் பூங்கா முறையைத் தொடக்கிவைத்தது. அங்கே ஜூனில் பள்ளிக்கூடம் மூடினால் திறக்க ஏறக்குறையப் பத்து வாரம் ஆகும். தாயும் தகப்பனும் வேலைக்குப் போனால் பிள்ளையை யார் பார்ப்பது? அம்மம்மா அடுத்த வளவிலா இருக்கிறார்? ஆகவே வாரக் கணக்கில் பணம் கட்டிப் பதிந்துவிடுகிறார்கள். வீடியோவில் தவளை தெரிந்திருக்கும். அக்கா நிரப்பிக் கொடுத்த படிவம் தெரிந்திராது. பிள்ளைக்கு எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, அவசரமென்றால் யாரை அழைப்பது, பின்னேரம் யாரிடம் மட்டும் ஒப்படைக்கலாம் என்றெல்லாம் அதில் கேட்டிருப்பார்கள். எனக்குப் பொறாமை அந்தப் படிவத்தில்தான்.

காரணம், நான் பட்டவள். ஓய்வு பெற்ற அடுத்த வருடம் எங்கள் ஊரில் இரண்டு வாரம் நடத்தினேன். முதல் நாள் 31 பிள்ளைகள். நான்காம் நாள் காலையில் போனால் படலை பூட்டிக் கிடக்கிறது. திறப்பு வைத்திருந்தவர் கொழும்பில் கலியாண வீட்டுக்குப் போய்விட்டார். வெயிலில் நின்ற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். மறுநாள் ஒன்பது பேர்தான் வந்தார்கள். அதே வாரம் ஒருவன் விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டான். என் கைக்குட்டையைக் கிழித்துத்தான் கட்டினேன். அவனுடைய தாயார் வந்து, “இங்கே யார் பொறுப்பு?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. ஆகவே, நீங்கள் பந்து வாங்குமுன் ஒரு கொப்பி வாங்குங்கள். பெயர், வயது, தொலைபேசி இலக்கம், கூட்டிப் போக வருபவர் யார் என்று எழுதுங்கள். திறப்பில் இரண்டாவது ஒன்று வெட்டி உங்களிடமே வைத்திருங்கள்.

கவுண்டி போல பூங்காவையும் முகாமையும் ஒரே கையில் வைத்திருக்கும் அமைப்பு எங்களுக்கு இல்லை. யாழ்ப்பாண மாவட்டத்தில் 1 மாநகர சபை, 3 நகர சபைகள், 13 பிரதேச சபைகள். உங்களுக்கு வலிகாமம் கிழக்குப் பிரதேச சபை. திடல் அவர்களுடையதா, கழகத்தினுடையதா, கோயிலினுடையதா என்று விசாரித்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள். வாய்ச்சொல்லை நம்பினால் பந்தடிக்கும் பெடியன்கள் வந்ததும் நீங்கள் வேலியோரம் ஒதுங்க வேண்டியதுதான்.

நேரம் காலை ஆறரையிலிருந்து ஒன்பது. அதற்குப் பிறகு சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடிக்கும். தண்ணீரோடு மோரும் வையுங்கள். நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஓகஸ்டை ஒட்டியே வருவதால் தேர், தீர்த்த நாள்களில் முகாம் வேண்டாம். வைத்தாலும் யாரும் வரப்போவதில்லை.

வில்வித்தைக்கு எங்கே போவது என்று கவலைப்படாதீர்கள். கிளித்தட்டு இருக்கிறது, கோட்டில் நிற்பவர் கையில் படாமல் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் பழம். நான் சாம்பலால் கோடு போட்டேன். காற்று அள்ளிக்கொண்டு போனது. பிறகு பிள்ளைகளே குதிக்காலால் கீறிக்கொண்டார்கள். தரம் 5 படிக்கும் ஒரு சிறுமி, புலமைப்பரிசில் பரீட்சைக்குப் போகவிருந்தவள், ரியூசன் பையைக் கதியாலில் கொழுவிவிட்டு நடுக்கோட்டில் கிளியாக நின்றாள். கை இரண்டும் விரிந்திருக்க, வாயால் மூச்சு விட்டபடி, கண் மட்டும் இடமும் வலமும் ஓடியது. அன்று அவளைத் தாண்டி ஒருவரும் பழமாகவில்லை. அவள் ரியூசனுக்குப் போனாளா என்று நான் கேட்கவில்லை.

ஒரு நாள் பஸ்ஸில் பட்டணத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். பொது நூலகத்தில் சிறுவர் பகுதி, பக்கத்திலேயே சுப்பிரமணியம் பூங்கா. பழைய பூங்காவில் மரங்களைக் காட்டுங்கள். 19 ஆம் நூற்றாண்டில் அரசாங்க அதிபராக இருந்த டைக் துரை அங்கே மரங்களை நட்டுவித்தார். அவர் செய்த மற்றவற்றைப் பற்றி எனக்கு வேறு அபிப்பிராயம் உண்டு, நிழலுக்கு மட்டும் நன்றி.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. இப்படியொரு முகாமுக்குச் சிறு பிள்ளைகளோடு அனுப்பினால் ஊர் சிரிக்காதா?
தாய், சாவகச்சேரி

பதில்: அவளிடம் கொப்பியைக் கொடுத்து இடாப்புக் கூப்பிட விடுங்கள். அமெரிக்க முகாம்களிலும் இந்த வயதினரைப் பயிற்சித் தலைவர்களாக எடுத்துக்கொள்வது உண்டு. சிரிக்கிற ஊர் இரண்டாம் வாரம் தன் பிள்ளையையும் கொண்டுவந்து விடும்.

கேள்வி: ரீச்சர், முப்பது பிள்ளைகளைக் காரைநகர் கசூரினாக் கடலுக்குக் கூட்டிப் போகலாமா? அங்கே ஆழம் இல்லைத்தானே?
இளைஞர் கழகச் செயலாளர், சுன்னாகம்

பதில்: தம்பி, ஆழமில்லை என்பது உங்கள் இடுப்புக் கணக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு அதே தண்ணீர் கழுத்தளவு. நீந்தத் தெரிந்த பெரியவர்கள் ஆறு பேராவது இல்லையென்றால் மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகளைச் சோடி சேர்த்து, விசில் ஊதியதும் சோடி கையைப் பிடித்து உயர்த்தப் பழக்குங்கள். பஸ்ஸில் ஏறும்போதும் எண்ணுங்கள், இறங்கும்போதும் எண்ணுங்கள். நான் கீரிமலையில் 22 தலை எண்ணி, சரி, போகலாம் என்றேன். பஸ் நகர்ந்த பிறகுதான் என்னையும் சேர்த்து எண்ணியது விளங்கியது. ஓடிப்போய்ப் பார்த்தால், விடுபட்டவன் கச்சான் விற்கிற அம்மாவின் கடகத்தருகே குந்தியிருந்து கச்சான் உடைத்துக்கொண்டிருந்தான்.