ஹார்லெம் நூலகமும் பிப்ரவரி மாத வாசிப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பிப்ரவரியில் அமெரிக்காவில் கறுப்பின எழுத்தாளர்களின் நூல்களைக் கூடி வாசிக்கும் வழக்கம் எப்படித் தோன்றியது?

பதில்: வரலாற்றாசிரியர் கார்ட்டர் உட்சன் 1926-இல் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம், 1976-இல் பிப்ரவரி முழுவதற்குமாக விரிந்தது. கூட்டு வாசிப்பு 1990-இல் வந்தது. ஆங்கில ஆசிரியர்களின் தேசியப் பேரவையிலுள்ள கறுப்பின ஆசிரியர் குழு, ஜெரி காப் ஸ்காட் முன்வைத்த யோசனையை ஏற்று அதைத் தொடங்கியது. வீடு, தேவாலயம், பள்ளி, புத்தகக் கடை என எங்கு வேண்டுமானாலும் கூடி, ஆப்பிரிக்க அமெரிக்கர் எழுதியதை வாய்விட்டு வாசிக்கலாம்.

கேள்வி: அதற்கு முன் இத்தகைய முயற்சிகளே இல்லையா?

பதில்: இருந்தன, என் மனத்துக்கு மிக நெருக்கமானது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் 135-ஆவது தெருவிலுள்ள நூலகம். 1920-இல் எர்னஸ்டைன் ரோஸ் அங்கே தலைமை நூலகராகப் பொறுப்பேற்றார். அதே ஆண்டில், நியூயார்க் பொது நூலகத்தின் முதல் கறுப்பின நூலகரான காத்தரின் லாட்டிமர் பணியில் சேர்ந்தார். கவிதை வாசிப்பும் சொற்பொழிவும் ஓவியக் கண்காட்சியும் அங்கே ஒரே கூரையின் கீழ் நடந்தன. கறுப்பினத்தாருக்கு வரலாறே கிடையாது என்று சிறுவயதில் ஓர் ஆசிரியர் சொன்ன சொல்லை மறக்காமல், வாழ்நாளெல்லாம் தேடித்தேடிச் சேர்த்தவர் என்று சொல்லப்படும் போர்ட்டோ ரிக்கோக்காரரான ஆர்ட்டுரோ ஷோம்பர்க்கின் 5,000-க்கும் மேற்பட்ட நூல்கள், கார்னகி நிறுவனம் அளித்த 10,000 டாலரில் 1926-இல் இந்நூலகத்துக்கு வந்து சேர்ந்தன. அந்த ஆசிரியருக்கு இதைவிடத் தக்க விடை இருக்க முடியாது.

கேள்வி: வாசிப்பில் ஓவியத்துக்கு என்ன இடம்?

பதில்: அதே நூலகத்துக்காக ஆரன் டக்ளஸ் 1934-இல் நான்கு பெரிய சுவரோவியங்களைத் தீட்டினார். ஒன்றில், மாபெரும் பற்சக்கரத்தின் மேல் நிழலுருவாக நிற்கும் ஒருவன் சாக்ஸபோனை உயர்த்திப் பிடித்திருக்க, ஒளி வட்டம் வட்டமாகப் பரவுகிறது. அமெரிக்காவின் தெற்கிலிருந்து வடக்கின் ஆலைகளுக்கு வந்த கறுப்பினத்தாரின் வாழ்வை அந்தச் சக்கரம் சொல்லிவிடுகிறது. அவ்வாழ்வைச் சொல்லும் ஒரு கதையை வாசித்தபின் இந்த ஓவியத்தைப் பாருங்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். பத்து வயது மகளுக்கு எதை வாசித்துக் காட்டலாம்?

பதில்: அடிமைமுறையின் துயரத்தை மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள், அந்த எழுத்தில் காதலும் சிரிப்பும் பாட்டும் நிறைந்திருக்கின்றன. முடிந்தால் மகளை ஹார்லெமுக்கே அழைத்துச் செல்லுங்கள். இன்று ஷோம்பர்க்கின் பெயரைத் தாங்கும் அந்த நூலகத்தின் முன்கூடத் தரையில், ஆறுகளைப் போல் கோடுகள் ஓடும் ஒரு வட்டம் பதிக்கப்பட்டிருக்கிறது. அதன் கீழேதான் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸின் அஸ்தி இருக்கிறது. தந்தையைக் காண மெக்சிகோ செல்லும் வழியில், ரயில் மிசிசிப்பி ஆற்றைக் கடந்தபோது, இருபது வயது நிரம்பாத அவர் ஆறுகளைப் பற்றி எழுதிய கவிதையின் வரிகள் அவ்வட்டத்திலேயே பொறிக்கப்பட்டுள்ளன. மகள் அங்கே நின்று அவற்றைத் தன் குரலில் வாசிக்கட்டும்.