மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் வாடகைக்கு விட வீடு வாங்குகிறேன். செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

வங்கிக் கடன் தவணை 560 வெள்ளி (ரிங்கிட்), வாடகை 700 வெள்ளி, மாதம் 140 மிஞ்சும் என்று கேள்வியிலேயே கணக்கை முடித்துவிட்டீர்கள். அதைப் பார்த்துத்தான் எழுத உட்கார்ந்தேன். 2011-ல் இதே ஊரில் நானும் அப்படித்தான் போட்டேன். தவணை 480, வாடகை 600, மிச்சம் 120.

நான் கணக்காளர் இல்லை, தமிழ்ப்பள்ளியில் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்தவள். பட்டதைச் சொல்கிறேன். அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். வேலை ஓய்ந்ததும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னார்கள். அதனால் வீடு என்றால் எனக்கு ஒரு வேகம் உண்டு. அந்த வேகத்தில்தான் சறுக்கினேன்.

வீடு 95,000. முன்பணம் 9,500 மட்டும் கையில் இருந்தது. பெயர் மாற்ற முத்திரை வரி 1 விழுக்காடு, கடன் பத்திரத்துக்கு 0.5, அதற்கு மேல் வக்கீல் கட்டணம். இரண்டாவது வீடு என்பதால் சலுகை எதுவும் இல்லை. சங்கிலியை அடகு வைத்துத்தான் சாவி வாங்கினேன். பிறகு நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் மதிப்பீட்டு வரி ஆண்டுக்கு இரண்டு முறை, நில வரி ஒருமுறை, தீக் காப்புறுதி, கழிவுநீர்க் கட்டணம். எனக்கு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 420 வந்தது. 1,440 மிச்சம் 1,020 ஆனது. ஒரு மாதம் வீடு சும்மா கிடந்தால் 600 வாடகை போய், அந்த மிச்சமும் 420 ஆகிவிடும்.

மூன்றாம் வருஷம் குடியிருந்தவர்கள் சொல்லாமல் போய்விட்டார்கள். இரண்டு மாத டெப்பாசிட் 1,200 இருந்தது, வாடகை பாக்கிக்கே சரியாகிவிட்டது. கரண்டு பில் 900-க்கு மேல். மீட்டர் என் பெயரில்.

பூட்டை உடைத்து உள்ளே போனேன். பின்னறைக் கதவு நிலை பார்க்க நன்றாகத்தான் இருந்தது, சாயம்கூட உரியவில்லை. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரல் உள்ளே இறங்கிவிட்டது. சாயத்துக்குப் பின்னால் மரமே இல்லை, ஈர மண்ணும் கரையானும்தான். கூரைச் சட்டம் வரை ஏறியிருந்தது. மருந்தடித்து மரம் மாற்ற 6,800 வெள்ளி. ஆறு வருஷ மிச்சத்தைவிட அதிகம். வேலை முடிந்து அடுத்த ஆள் வர ஐந்து மாதம். அந்த ஐந்து தவணையும் என் சம்பளத்தில்தான் போனது.

ஆகவே 12 மாத வாடகை என்று எழுதாதீர்கள், 10 மாதம் எழுதுங்கள். உங்கள் 700-க்கு அது 7,000. தவணை மட்டும் 6,720. மீதி 280-ல் வரிகளைக்கூட முழுதாகக் கட்ட முடியாது, பழுதுபார்ப்பை விடுங்கள். விலையைக் குறைத்துப் பேசுங்கள், இல்லையென்றால் முன்பணத்தைக் கூட்டுங்கள். 10 மாதம் என்பது மிகை என்று சிலர் வருவார்கள். தலைநகரில் ரயிலடிப் பக்கம் கொண்டோ (அடுக்குமாடி வீடு) வைத்திருப்பவருக்கு மிகையாக இருக்கலாம். இங்கே இளசுகள் எல்லாம் பினாங்குக்கும் கிள்ளானுக்கும் போய்விட்டார்கள், காலியான வீடு சட்டென்று நிரம்பாது.

வருமான வரிக்கு வாடகை வருமானத்தைக் கணக்குப் போடும்போது கடனின் வட்டி கழியும், அசல் கழியாது. பழுதுபார்ப்பு கழியும், முதல் குடித்தனக்காரரைப் பிடிக்கக் கொடுத்த தரகு கழியாது. மூன்று ஆண்டுக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு சொத்து ஆதாய வரி. இப்போதைய விதிப்படி குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்துதான் அது இல்லை.

ஓடிப்போன குடும்பத்தைக் காட்டி, "இனி நம்ம ஆளுக்கு வீடு கொடுக்காதே" என்று என் சொந்தக்காரர்களே சொன்னார்கள். கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகள் பெட்டாலிங் ஜெயாவில் அறை தேடியபோது விளம்பரத்திலேயே "இந்தியர் வேண்டாம்" என்று போட்டிருந்தார்கள். போனில் நன்றாகப் பேசிய வீட்டுக்கார அம்மா, இவள் பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்றார். ஏழு இடம் அப்படி. அன்று ராத்திரி அவள் அழுததைக் கேட்டவள் நான். அதையே நான் இன்னொரு பிள்ளைக்குச் செய்வேனா?

இப்போது என் வீட்டில் இருப்பது செம்பனை (எண்ணெய்ப் பனை) லாரி ஓட்டுபவர் குடும்பம், நம்மவர்கள்தான். ஆறு வருஷமாக ஐந்தாம் தேதிக்குள் வாடகை வந்துவிடுகிறது. மீட்டரை மட்டும் முதல் நாளே அவர் பெயருக்கு மாற்றிவிட்டேன்.