தருமபுரிக்காரர் என்றால் யார்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

என் ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் கம்பெனி வேலை, ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். அறையில் மதுரை, தஞ்சாவூர், தூத்துக்குடிப் பெண்கள் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் "வீரப்பன் ஊரா?" என்பார்கள். அப்புறம் கள்ளிப்பால், சாதிக் கலவரம், குழந்தைத் திருமணம். எல்லாம் டிவியிலும் சினிமாவிலும் பார்த்தது. விளையாட்டாகத்தான் கேட்கிறார்கள். ஆனாலும் இப்போதெல்லாம் "சேலம் பக்கம்" என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும் என் தம்பியும் அப்படித்தான் சொல்கிறானாம்.

நண்பர்கள் சேர்ந்து ஒரு யூடியூப் சேனல் தொடங்கப் போகிறோம். அதியமான், ஔவை, ஒகேனக்கல், மாம்பழம், எருது விடும் விழா என்று தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டுவதாக முடிவு. நெகட்டிவ் எதுவும் வேண்டாம் என்கிறார்கள். ஒரு பிம்பத்தை இன்னொரு பிம்பத்தால்தானே மாற்ற முடியும்? ஊடகம் காட்டுவதை வைத்து ஒரு மக்கள் கூட்டமே தன்னைப் பற்றி இப்படி நினைத்துக்கொள்வது எப்படி? உங்கள் கருத்தை எழுதுங்கள்.

ம., ஓசூர்

அன்புள்ள ம.,

"சேலம் பக்கம்" என்று சொல்வதில் ஒரு தவறும் இல்லை. என் பாட்டி காலத்து ஆட்கள் அப்படித்தான் சொன்னார்கள். தருமபுரி தனி மாவட்டமானது 1965-இல், கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல். அதற்கு முன் நாமெல்லாம் சேலம் ஜில்லாதான். ஆனால் அவர்கள் சொன்னதும் நீங்கள் சொல்வதும் ஒன்றில்லை. எதிரில் இருப்பவள் மனதில் என்ன ஓடும் என்று கணக்குப் போட்ட பிறகு நீங்கள் வாயைத் திறக்கிறீர்கள். அடுத்தவர் கண்ணால் தன்னைப் பார்த்துக்கொண்டே வாழும் இந்த நிலையை அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டூ பாய்ஸ் நூறு வருடத்துக்கு முன்பே எழுதிவிட்டார். சென்னைக்காரரிடம் ஒரு கொலைச் செய்தியைக் காட்டி "உங்க ஊரு அப்படியா?" என்று யாரும் கேட்பதில்லை. சென்னையைப் பற்றி தினமும் நூறு விதமான கதை வருகிறது. நம்மைப் பற்றி வருவது நாலைந்துதான். அந்த நாலைந்தையே திரும்பத் திரும்பப் பார்த்து, கடைசியில் நாமும் அதுதான் நாம் என்று நம்பிவிடுகிறோம்.

சரி, அந்த நாலைந்தும் பொய்யா? இல்லை. பெண் சிசுக்கொலை இங்கே நடந்தது. 2001 கணக்கெடுப்பில், ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு தருமபுரியில் 826 பெண் குழந்தைகள்தான். சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் நம் மாவட்டத்துக்கும் கொண்டுவந்தார்கள். பத்திரிகைகள் விடாமல் எழுதியதற்கு அதில் பங்குண்டு, அதை நாம் மறுக்கக் கூடாது. 2011-இல் அந்த எண் 913 ஆனது.

எண் மாறியும் காட்சி மாறவில்லை. ஓலைக் குடிசை, ஒரு கிழவி, கையில் கிண்ணத்தில் கள்ளிப்பால். இதே காலத்தில்தான் கருவிலேயே பெண் என்று பார்த்துக் கலைக்கும் வேலை டவுன் ஸ்கேன் மையங்களில் நடந்தது, அதைத் தடுக்க 1994-இல் சட்டமே போட்டார்கள். அண்மை வருடங்களில்கூட தருமபுரியில் சட்டவிரோத ஸ்கேன் கும்பல்கள் பிடிபட்டன. அங்கே படித்தவர்கள் இருந்தார்கள், பணம் புழங்கியது, மெஷின் இருந்தது. ஹாஸ்டலில் யாராவது உங்களிடம் ஸ்கேனைப் பற்றிக் கேட்டார்களா? கள்ளிப்பாலைத்தானே கேட்டார்கள்? வசதியுள்ளவர்களின் குற்றத்துக்கு முகம் இல்லாமல் போய், எல்லாம் ஏழைக் கிராமத்துப் பெண்ணின் தலையில் விழுந்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான்.

பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்துக்குக் குழந்தைத் திருமணம் பற்றிப் படம் எடுக்க ஒரு டிவி குழு வந்தபோது பக்கத்தில் நின்று பார்த்தேன். பாட்டியை ஆட்டுக்கல்லில் உட்காரவைத்தார்கள். வீட்டுக்குள் கிரைண்டர் இருந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளைக் கேமராவுக்குப் பின்னால் தள்ளினார்கள். நர்சிங் படிக்கும் பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். அவளையும் "கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லும்மா" என்று ஒதுக்கிவிட்டார்கள். பதினாறு வயதில் தனக்குப் பேசி முடித்த கல்யாணத்தை, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு போன் செய்து தானே நிறுத்தியவள் அந்தப் பெண். அவர்கள் தேடி வந்த செய்தி அவளிடம்தான் இருந்தது. நிகழ்ச்சி ஒளிபரப்பானபோது தெருவே உட்கார்ந்து பார்த்தது. அப்புறம் அவளே என்னிடம் சொன்னாள், "நம்ம ஊரு அப்படித்தானேக்கா." எப்படி என்று கேட்டீர்களே, இப்படித்தான். தான் செய்த காரியத்தையே தன் ஊர்க் கணக்கில் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அரூர் பக்கத்து வாச்சாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூன் 20 அன்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் சேர்ந்து மலையாளி என்ற மலைவாழ் பழங்குடியினரின் அந்த ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள், வீடுகள் சூறையாடப்பட்டன. வெளியே சொல்லப்பட்டதோ சந்தனக்கட்டை கடத்தும் ஊரில் ரெய்டு என்றுதான். அந்தப் பெயரைத் துடைக்க அந்த மக்கள் தங்கள் ஊரின் அழகைக் காட்டிப் படம் எடுக்கவில்லை. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் கூட நிற்க, நடந்ததை நடந்தபடி கோர்ட்டில் சொன்னார்கள், யார் செய்தது என்று அடையாளம் காட்டினார்கள். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் 269 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்திருந்தார்கள். மிச்சம் 215 பேரில் வனத்துறையினர் மட்டும் 126 பேர். 2023-இல் உயர் நீதிமன்ற நீதிபதி ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து தீர்ப்பை உறுதி செய்தார். இன்று வாச்சாத்திப் பெண்கள் என்றால் நியாயம் கேட்டு வென்றவர்கள் என்றுதான் நினைவுக்கு வருகிறது. ஊரை ஒடுக்க வந்த நாளையே அவர்கள் தங்கள் வரலாறாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனாலும் அதே வார்ப்பு திரும்பவும் வந்தது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழர்களை ஆந்திரப் போலீஸ் சுட்டுக் கொன்றது. நம் தருமபுரி மாவட்டத்துச் சித்தேரி மலையிலிருந்து கூலிக்குப் போனவர்களும் அதில் உண்டு. போலீஸ் சொன்னபடி செம்மரக் கடத்தல்காரர்களாகத்தான் முதலில் அவர்களை நாடு பார்த்தது. வாங்கி விற்றவர்களின் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

இன்னொரு உதாரணமும் சொல்கிறேன். உங்கள் ஓசூருக்குப் பக்கத்திலேயே கோலார் தங்கவயல் இருக்கிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகைக்கு அங்கே சுரங்கத் தொழிலாளர்கள் நடுவில் வலுவான வாசகர் கூட்டம் இருந்தது. மாரிகுப்பத்தில் பௌத்த சங்கமே நடந்தது. அவர் காலத்துக்குப் பிறகு 'தமிழன்' தங்கவயலிலிருந்தே வந்தது. ஊரும் அரசும் தீண்டத்தகாதவர்கள் என்று எழுதிவைத்த மக்கள் தங்களை ஆதித் தமிழர், பௌத்தர் என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பெரிய முதலீடு எதுவும் இருக்கவில்லை. தங்கள் வழக்கைத் தாங்களே பேசும் ஆசிரியர்களும், காசு கொடுத்துப் படித்த வாசகர்களும் இருந்தார்கள்.

இனி உங்கள் சேனல். நல்லதை மட்டும் காட்டுவது என்று உங்கள் நண்பர்கள் எடுத்த முடிவு எனக்குப் பிடிக்கவில்லை. எருது விடும் விழா வீடியோக்களைப் பாருங்கள். பெண்கள் எங்கே? காலனி ஆட்கள் எங்கே? 2012 நவம்பர் 7 அன்று சாதி வன்முறையில் வீடுகள் எரிக்கப்பட்ட நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் காலனி மக்களும் தருமபுரிக்காரர்கள்தான். உங்கள் 'நெகட்டிவ் வேண்டாம்' பட்டியலில் முதலில் அடிபடுவது அவர்கள் வாழ்க்கை. அஞ்செட்டி மலை இருளர், லம்பாடித் தண்டாக்கள், வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் ஓசூர், தேன்கனிக்கோட்டை வீடுகள் எல்லாம் அதியமான் சிலைக்குப் பின்னால் மறைந்துபோகும். டிவி குழு நாற்காலியைத் தள்ளியது, நீங்கள் மனிதர்களைத் தள்ளுவீர்கள். மாம்பழத்தைக் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விலை கிடைக்காத வருடத்தில் பெங்களூரா மாங்காயை ரோட்டில் கொட்டிய விவசாயியையும் பேச விடுங்கள்.

முதல் படத்துக்கு எங்கும் போக வேண்டாம். உங்கள் ஹாஸ்டல் இருக்கிறது. ஓசூர் தொழிற்சாலைகள் என்றாலே டிரோனில் எடுத்த கட்டடமும் அமைச்சர் பேச்சும்தான் வருகின்றன. ஷிப்ட் பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போகும் ஆயிரக்கணக்கான பெண்கள் தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று நான் எங்கும் பார்த்ததில்லை. மதுரைப் பெண்ணிடம் அவள் ஊரைப் பற்றிச் சினிமா சொல்லும் அரிவாள் கதைகளை அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேளுங்கள், அவளுக்கும் ஒரு "சேலம் பக்கம்" இருக்கும். முகம் காட்ட விருப்பமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தாதீர்கள், வேலைக்கு ஆபத்து வரலாம். எடிட் செய்ததை வெளியிடும் முன் பேசியவர்களிடம் போட்டுக் காட்டுங்கள். அவர்கள் வெட்டச் சொன்ன இடத்தை வெட்டிவிடுங்கள். தயாரானதும் எனக்கும் அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
அக்கா