சின்ன வயதிலிருந்தே சர்ஜன் ஆக ஆசை. இந்தியாவில் அதற்கு ஏன் இவ்வளவு வருடம் ஆகிறது?

சர்ஜன் என்பவர், அறுத்துச் சரிசெய்யத் தனிப் பயிற்சி பெற்ற டாக்டர். நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்தால், ஒரு வருட ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்) வேலையும் சேர்த்து 5½ வருடம். பிறகு முதுநிலை நீட், 3 வருட எம்.எஸ். என்ற சர்ஜரி படிப்பு. மூளை, இதயம் என்று போக நினைத்தால் எம்.சிஎச். என்ற மேல்படிப்பு இன்னும் 3 வருடம். வயது முப்பதைத் தொட்டுவிடும்.

புத்தகத்தைவிட, கை பழகத்தான் நாளாகிறது. தையல் கடையில் சேர்ந்த பையனிடம் முதல் வாரமே பட்டுத் துணியை வெட்டக் கொடுப்பார்களா? காஜா, பட்டன், அப்புறம்தான் கத்தரிக்கோல். ஆபரேஷன் தியேட்டரிலும் அதே கதைதான். முதலில் கொக்கியால் தசையை விலக்கிப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் நிற்க வேண்டும். பிறகு தோலுக்குத் தையல். பிறகு மூத்தவர் பக்கத்தில் இருக்க, ஹெர்னியா (குடலிறக்கம்) ஆபரேஷன். ஹாஸ்டலுக்கு வந்தும் நாற்காலிக் கையில் நூலைச் சுற்றி ஒற்றைக் கையால் முடிச்சுப் போட்டுப் பார்ப்பார்கள். இந்த நிற்கும் வேலை பிடிக்குமா என்பதைத்தான், மார்க்குக்கு முன்னால், நான் கேட்பேன்.

கை நடுங்கினால் சர்ஜன் ஆக முடியாது என்பார்கள். லேசான நடுக்கம் எல்லார் கைக்கும் உண்டு; மணிக்கட்டை ஊன்றி வேலை செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.